‘மேல்முறையீடு தள்ளுபடி’ என்ற ஒரு வரிக்குப் பின்னால்

சிங்கப்பூரில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘அவருடைய மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது.’ படிக்கிறவர்கள் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆனால் அன்று மாலை தேக்காவில் காப்பிக்கடை மேசையில் பேச்சு வந்தால் ஒரு கேள்வியும் கூடவே வரும். “அப்பீல் பண்ணாங்களே, அங்க மறுபடி எல்லாத்தையும் விசாரிச்சிருப்பாங்கல்ல?”

கேட்கிறவர் மனத்தில் இருக்கும் படம் எனக்குத் தெரியும். சாட்சிகள் திரும்பவும் கூண்டில் ஏறுவார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் திரும்பவும் தன் கதையைச் சொல்வார், புதிய நீதிபதிகள் முதலிலிருந்து கேட்பார்கள். நடப்பது வேறு. மேல்முறையீட்டில் பெரும்பாலும் யாரும் கூண்டில் ஏறுவதில்லை. நீதிபதிகள் படிக்கிறார்கள். முதல் விசாரணையில் எழுத்தில் பதிவானது எதுவோ அதுதான் அவர்கள் முன்னால் இருக்கும் சாட்சியம். ஓர் உயிர் இருக்குமா போகுமா என்பது அந்தக் காகிதக் கட்டை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

வழக்குகளைச் சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். சிலர் விடுதலையாகி வீடு திரும்பியவர்கள். சிலர் இன்று இல்லை, அவர்களுடைய குடும்பங்கள் இருக்கின்றன.

வழக்கு போகும் பாதை

மரண தண்டனைக்குரிய வழக்கு உயர் நீதிமன்றத்தில் தொடங்குகிறது. விசாரிப்பவர் ஒரே ஒரு நீதிபதி. ஒரு காலத்தில் இங்கே ஜூரிகள் இருந்தார்கள், 1969-இல் அந்த முறை முற்றாக ஒழிக்கப்பட்டது. அதன்பின் மரண தண்டனை வழக்குகளை மட்டும் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். 1992-இல் அதுவும் மாறி ஒருவரானது. லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியும் 1994-இல் மூடப்பட்டது. ஆக, இன்று ஒரு விசாரணை, ஒரு மேல்முறையீடு. அவ்வளவுதான்.

அந்த ஒரு மேல்முறையீட்டை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்கமாக மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். சிக்கலான சட்டக் கேள்வி இருந்தால் ஐந்து பேர். பெரும்பான்மை போதும், எல்லாரும் ஒத்துப்போக வேண்டியதில்லை. இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

தண்டனை விதிக்கப்பட்ட 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். சரி, மனம் உடைந்து போய் “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று ஒருவர் இருந்துவிட்டால்? முன்பு அதோடு முடிந்துவிடும். 2013 முதல் சட்டம் மாறியது. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யாவிட்டாலும், அரசுத் தரப்பே தண்டனையை உறுதிப்படுத்தக் கோரி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மனு போட்டாக வேண்டும். தீர்ப்பு சரியானதா, சட்டப்படியானதா, முறையானதா என்று அந்த நீதிமன்றம் பார்த்துத் திருப்தி அடையாமல் யாரையும் தூக்கிலிட முடியாது. நல்ல மாற்றம் இது. வழக்கறிஞரும் உண்டு. மரண தண்டனைக் குற்றச்சாட்டை எதிர்நோக்கும் எவருக்கும், வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்கென உள்ள சட்ட உதவித் திட்டத்தின்கீழ் வழக்கறிஞர்கள் அமர்த்தப்படுகிறார்கள்.

பார்த்தவரும் படிப்பவரும்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394-ஆவது பிரிவு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓர் எல்லை போடுகிறது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பு சட்டத்தில் தவறானது என்றோ, சாட்சியத்தின் எடைக்கு மாறாக இருக்கிறது என்றோ காட்டினால்தான் அதை மாற்றலாம். ‘நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன்’ என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றுவது மட்டும் போதாது.

இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. சாட்சியை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. குரல் தடுமாறியதா, கேள்வி வந்ததும் கண் தாழ்ந்ததா, யோசித்துப் பதில் சொன்னாரா, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாரா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதனால் ஒருவரை நம்பலாமா கூடாதா என்ற கேள்வியில் மேல்முறையீட்டு நீதிபதிகள் கை வைக்கத் தயங்குவார்கள். ஆனால் நிரூபிக்கப்பட்ட உண்மைகளை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்ற கேள்வியில் அந்தத் தயக்கம் கிடையாது. அதற்குக் கூண்டைப் பார்க்க வேண்டியதில்லை, காகிதம் போதும். வாக்குமூலத்தோடும் வெளி ஆதாரத்தோடும் சாட்சி சொன்னது பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், நானே கற்பனை செய்தது. இரவு 11 மணிக்கு புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருவரைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொல்கிறார். நிதானமாக, தெளிவாகச் சொல்கிறார். விசாரணை நீதிபதி நம்புகிறார். இதை மேல்முறையீட்டில் அசைப்பது மிகக் கடினம். ஆனால் மின்தூக்கிக் கேமராவில் அதே சாட்சி 10.50-க்கே மேலே வீட்டுக்குப் போய்விட்டது தெரிகிறது, விசாரணைத் தீர்ப்பில் அந்தப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிதானமும் தெளிவும் உதவாது. மேல்முறையீட்டு வழக்கறிஞர்கள் தேடுவது இந்த மாதிரி இடங்களைத்தான்.

இங்கே எனக்கு நெடுநாளாக ஓர் உறுத்தல் உண்டு. சாட்சி தமிழில் பேசுகிறார். நீதிபதிக்குக் கேட்பது மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம். தயங்கியது சாட்சியா, சரியான சொல்லைத் தேடிய மொழிபெயர்ப்பாளரா? நம் ஆள்கள் பெரியவர்கள் முன்னால் கண்ணை நேருக்கு நேர் பார்த்துப் பேச மாட்டார்கள், அது மரியாதை. அது மறைப்பதாகத் தெரிந்துவிட்டால்? நேரில் பார்த்தவருக்கே எல்லாம் தெரியும் என்ற கொள்கை, இரண்டு மொழிகளுக்கு நடுவே கொஞ்சம் வலுவிழக்கத்தான் செய்கிறது. இங்கே நடக்கும் மரண தண்டனை வழக்குகளில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். அதனால் இதை எளிதில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் சில மணி நேரங்கள்

மேல்முறையீட்டு நீதிபதிகள் படிக்கும் காகிதக் கட்டுக்குள் மிகக் கனமானவை பெரும்பாலும் வாக்குமூலங்கள்தான். போதைப்பொருள் வழக்கில் இவை படிப்படியாக எடுக்கப்படும். பிடிபட்ட இடத்திலேயே மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதிகாரி கேள்வி கேட்டு எழுதிக்கொள்வது முதலாவது. அடுத்து, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி எச்சரிக்கையோடு எடுப்பது. இதில்தான், ‘உன் தற்காப்பில் சொல்லப்போகும் விஷயத்தை இப்போதே சொல்லாமல் விட்டால் பின்னால் நீதிபதி நம்பாமல் போகலாம்’ என்று சொல்லப்படும். அப்புறம் அடுத்த நாள்களில் நீண்ட வாக்குமூலங்கள்.

இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் பக்கத்தில் இருப்பதில்லை. தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, கையெழுத்து வாங்கப்படும். பிற்பாடு எல்லா நீதிமன்றங்களும் படிப்பது அந்த ஆங்கிலத்தை.

“பையில் என்ன இருந்தது என்று தெரியுமா?” என்று கேட்டால் ஒரு தமிழர் எத்தனை விதமாகப் பதில் சொல்லலாம் என்று யோசித்துப் பாருங்கள். ‘தெரியும்’ என்பது ஒன்று. ‘தெரிஞ்சிருக்கும்’ என்றால் அது தனக்கா, மற்றவருக்கா? நினைவா, ஊகமா? ‘ஏதோ சாமான்னு தெரியும்’ என்றால், சாமான் என்பது போதைப்பொருளா, கள்ளச் சிகரெட்டா, வெறும் பொருளா? ஆங்கிலத்தில் இவை மூன்றும் ஒரே வாக்கியமாகப் படிந்துவிடலாம். தெரியுமா தெரியாதா என்பதில்தான் தலை இருக்கிறது என்னும்போது ‘தெரியும்’ என்ற வினைச்சொல்லுக்கு எவ்வளவு எடை என்று சொல்ல வேண்டியதில்லை.

2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரின் வழக்கு இங்கே நினைவுக்கு வரும். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் கையில் பொருள் இருந்ததில்லை. மற்றவர்களின் கைத்தொலைபேசிகளில் இருந்த இரண்டு எண்கள் அவருடையவை என்பதும், உடன் குற்றம் சாட்டப்பட்டவரின் சாட்சியமும் அவரை வழக்கோடு இணைத்தன. வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். குறுக்கு விசாரணையில்தான் முதன்முதலாக அதைச் சொன்னார் என்பதால் விசாரணை நீதிபதி நம்பவில்லை. மேல்முறையீடு 2019-இல் தள்ளுபடி ஆனது. முதலில் நான் சொன்ன விதி இங்கே எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒருவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாரா என்பது நம்பகத்தன்மைக் கேள்வி. விசாரணை நீதிபதி ஒருமுறை ‘நம்பவில்லை’ என்று எழுதிவிட்டால், மேலே போன பிறகு அதைத் திறப்பது மிகவும் அரிது.

வாக்குமூலம் எடுத்த முறையே மேல்முறையீட்டில் கேள்விக்கு உள்ளானதும் உண்டு. 2005-இல் நடந்த ஒரு கொலைக்காக அண்ணன் தம்பி இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அண்ணனை அந்தக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தம்பியின் தண்டனை அப்படியே நின்றது. அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் நிலைபெற்றன. வாக்குமூலம் தானாக முன்வந்து கொடுத்ததாகவே இருந்தாலும், நடைமுறையை மீறி எடுத்திருந்தால், அதனால் விளையும் பாதகம் பயனைவிட அதிகம் என்று கருதி நீதிமன்றம் அதை ஒதுக்கிவைக்கலாம். அடுத்தது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய ஆதாரம் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை மூடி வைத்துக்கொள்ளக் கூடாது, தற்காப்புத் தரப்புக்குக் காட்ட வேண்டும். இங்கே வழக்காடும் எந்தக் குற்றவியல் வழக்கறிஞரைக் கேட்டாலும் 2011-க்கு முன், பின் என்று பிரித்துப் பேசுவார்.

சுமை எந்தப் பக்கம்

போதைப்பொருள் வழக்குகளில் இன்னொரு முடிச்சு உண்டு. 15 கிராம் டயமார்ஃபின் (தூய ஹெராயின்), 250 கிராம் மெத்தம்ஃபெட்டமின், 500 கிராம் கஞ்சா என்ற அளவுகளைத் தாண்டிக் கடத்தினால் மரண தண்டனை. (டயமார்ஃபின் 14.99 கிராமுக்குக் குறையாதது என்று குற்றச்சாட்டு குறைக்கப்படுவதை அடிக்கடி பார்க்கலாம், அந்த 0.01 கிராமில் ஒரு வாழ்க்கை இருக்கிறது.) பொருளைச் சுமந்து செல்பவராகவோ கொண்டுபோய்க் கொடுப்பவராகவோ மட்டும் இருந்து, அதிகாரிகளுக்குக் கணிசமாக உதவியதாக அரசுத் தரப்பு சான்று கொடுத்தாலோ மனநலக் குறைபாடு நிரூபிக்கப்பட்டாலோ ஆயுள் தண்டனைக்கு வழி உண்டு. அதுவும் 2013-இல் வந்ததுதான்.

முடிச்சு என்னவென்றால், பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று ஆனால், அது என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும் எனச் சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. தெரியாது என்று காட்டும் சுமை அவர் தலையில் விழுகிறது. சந்தேகம் எழுப்பினால் மட்டும் போதாது, தெரியாமல் இருந்ததற்கே வாய்ப்பு அதிகம் என்று நிரூபிக்க வேண்டும். கொலை வழக்கில் நீதிபதிகள் ‘அரசுத் தரப்பு நிரூபித்ததா?’ என்று படிக்கும் அதே காகிதத்தை, இங்கே ‘இவர் நிரூபித்தாரா?’ என்று படிக்கிறார்கள். தன் மனத்தில் இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான்.

2014-இல் மலேசிய எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்ட மலேசியர் ஒருவர், தான் கொண்டுவந்தது சாக்லேட் கலந்த லேசான போதைப்பொருள் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகச் சொன்னார். விசாரணை நீதிபதி நம்பி, குறைந்த குற்றச்சாட்டில் 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் விதித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், சந்தேகம் இருந்தும் பார்க்காமல் ‘வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வது’ வேறு, ‘உண்மையில் தெரிந்திருப்பது’ வேறு, சட்டத்தின் அனுமானம் இரண்டாவதை மட்டுமே தொடும் என்று தெளிவாக்கியது. அதை வைத்து மலேசியர் மறுபரிசீலனை கேட்டார். விசாரணையில் அரசுத் தரப்பு வாதிட்டது கண்ணை மூடிக்கொண்டதைப் பற்றி, தண்டனை விழுந்ததோ தெரிந்திருந்தார் என்ற அனுமானத்தின் மேல். 2020 அக்டோபர் 19 அன்று நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருத்தி, பழைய 15 ஆண்டுத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது.

காகிதத்தில் கிடைத்த விடுதலைகள்

2020 அசாதாரணமான ஆண்டு. மரண தண்டனையை எதிர்நோக்கிய சிலருக்கு அந்த ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவு மாறியது. மேலே சொன்னவர் அவர்களில் ஒருவர்.

அந்த ஆண்டு மார்ச்சில், போதைப்பொருள் வழக்கில் ஒருவர் மரண தண்டனைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் சொன்ன கதையை உறுதிப்படுத்தவோ பொய்யென்று காட்டவோ கூடிய முக்கியமான ஆள்களின் வாக்குமூலங்கள் அரசுத் தரப்பிடம் இருந்தன. அவற்றைத் தற்காப்புத் தரப்புக்குக் கொடுக்கவில்லை, அந்த ஆள்களைச் சாட்சியாகவும் அழைக்கவில்லை. 2011-இல் முளைத்த வெளிப்படுத்தும் கடமை இந்தத் தீர்ப்பில் இன்னும் அகலமானது.

அக்டோபரில் வந்தது ஒரு மோட்டார்சைக்கிள் வழக்கு. இரவல் வாங்கிய வண்டியில் உட்லண்ட்ஸ் வழியாக வந்தவர், இருக்கைக்கு அடியில் போதைப்பொருள் இருந்ததால் பிடிபட்டார். பொட்டலங்களில் வண்டியின் சொந்தக்காரருடைய மரபணு இருந்தது, ஓட்டி வந்தவருடையது இல்லை. அந்தச் சொந்தக்காரரைச் சாட்சியாக அழைத்திருக்க முடியும், அரசுத் தரப்பு அழைக்கவில்லை. இதில் கூண்டில் நின்றவரின் முகபாவனைக்கு வேலையே இல்லை. ஆய்வகக் காகிதமும், வராத சாட்சியின் வெற்று நாற்காலியும்தான் பேசின. அவர் விடுதலையானார்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2018-இல், வேறு மாதிரியான ஓட்டை. பிடித்த இடத்திலிருந்து ஆய்வகம்வரை போதைப்பொருள் யார் யார் கையில் இருந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். ஒரு வழக்கில் குறிப்பிட்ட ஒரு நேர இடைவெளியில் அந்தப் பொருள் எந்த அதிகாரியின் பொறுப்பில் இருந்தது என்று சாட்சியங்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வகத்தில் சோதித்ததும் பறிமுதல் செய்ததும் ஒன்றேதானா என்ற நியாயமான சந்தேகம் எழுந்தது. இரண்டு பேர் மரண தண்டனைக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினார்கள். பொருளை யாரும் மாற்றியதாக நீதிமன்றம் சொல்லவில்லை. மாற்றவில்லை என்று காட்ட வேண்டியவர் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்த எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2020 செப்டம்பர் 17 தீர்ப்பு.

2011 நவம்பரில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவர், தான் கொண்டுவந்த சக்கரப் பையை ஒரு பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் அதை மலேசியாவுக்குக் கொண்டுபோகும் வழியில் பிடிபட்டார். பையின் உள்ளே மறைவாக 2 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த மெத்தம்ஃபெட்டமின் இருந்தது. மறுநாள் அவரையும் பிடித்தார்கள். வாக்குமூலத்தில் அவர் எல்லாவற்றையும் மறுத்தார், பை கொடுத்ததைக்கூட. வெளிப்படையான பொய். ஆனாலும் 2014-இல் விசாரணை நீதிபதி, பையில் போதைப்பொருள் இருந்தது அவருக்குத் தெரியாது என்று நம்பி விடுவித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பொய்களைப் பிடித்துக்கொண்டது. தெரியாதவர் எதற்கு இத்தனை பொய் சொல்ல வேண்டும்? குற்றவாளி என்று தீர்ப்பானது.

அதன்பின் தண்டனைக் கட்டத்தில் மனநலக் கழக மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். சிறுவயதில் சொந்த ஊரில் நடந்த படுகொலைகளை நேரில் கண்டவர் அவர் என்று தெரியவந்தது. அந்த அதிர்ச்சியின் வடு இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அதை மிகைப்படுத்தி உணர்ந்து அப்பட்டமான பொய்களைச் சொல்லிவிடக்கூடும் என்று 2017-இல் வந்த அறிக்கை சொன்னது. இந்தக் குற்றத்துக்கு இங்கே மரண தண்டனை என்று கேட்ட கணத்தில் அது நடந்திருக்கலாம்.

பொய்யைப் பற்றிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் பொய் சொன்னார் என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். வேண்டுமென்றே சொன்ன பொய்யாக இருக்க வேண்டும், வழக்கின் முக்கியமான விஷயத்தைத் தொட வேண்டும், பொய் என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும். அதோடு, குற்ற உணர்ச்சியாலும் உண்மை வெளிவந்துவிடுமோ என்ற பயத்தாலும் பிறந்ததாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் இங்கே உடைந்தது. பயம் குற்றத்திலிருந்து வராமல் பழைய நினைவிலிருந்து வந்திருக்கலாம் என்றால், அந்தப் பொய்யின்மேல் கட்டிய தீர்ப்பு எப்படி நிற்கும்? நீதிமன்றம் வழக்கைத் திறந்து, மருத்துவச் சாட்சியத்தைக் கேட்க உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. கடைசியில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அவரை விடுவித்தார்கள். ஒருவர் மாறுபட்டார். கைதாகி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த விடுதலைகளை மட்டும் அடுக்கினால் மேல்முறையீட்டில் அடிக்கடி இப்படி நடக்கும் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. பெரும்பாலான மேல்முறையீடுகள் தள்ளுபடிதான் ஆகின்றன. அதோடு, மேல்முறையீடு ஒருவழிப் பாதையும் இல்லை. நைஜீரியருக்கும் சாக்லேட் கலந்த லேசான போதைப்பொருள் என்று சொன்ன மலேசியருக்கும் முதலில் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது விசாரணை நீதிபதிகள்தான்.

தாமதமாக வரும் ஆதாரம்

மருத்துவ அறிக்கைபோலப் புதிய ஆதாரம் கிடைத்தால் எல்லாராலும் கதவைத் தட்ட முடியுமா? மேல்முறையீடு நடக்கும்போதே என்றால், மூன்று கேள்விகள் வரும். முதல் விசாரணையில் இதைக் கொண்டுவந்திருக்க முடியாதா? முடிவை மாற்றும் அளவுக்கு முக்கியமா? நம்பத்தக்கதா? இவை 1954-இல் இங்கிலாந்தில் ஒரு சிவில் வழக்கில் பிறந்த கேள்விகள். குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் கொண்டுவரும் ஆதாரம் என்றால் முதல் கேள்வியில் நீதிமன்றம் அவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை. வழக்கறிஞர் கவனிக்காமல் விட்டதற்கு ஓர் ஆள் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மேல்முறையீடு முடிந்த பிறகு கதவு குறுகிவிடுகிறது. 2018-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட மறுபரிசீலனை விதிகளின்படி, ஆதாரம் இதற்குமுன் எந்தக் கட்டத்திலும் பேசப்படாததாக இருக்க வேண்டும். முயன்றிருந்தாலும் முன்பே கிடைத்திருக்கக் கூடாது. வலுவானதாக, நீதி பிறழ்ந்துவிட்டது என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மனுவை விசாரிக்கவே முதலில் அனுமதி பெற வேண்டும். மரண தண்டனைக் கைதிகள் கடைசி நேரத்தில் போடும் மனுக்களுக்கென்று 2022-இல் தனிச் சட்டம் நிறைவேறி, 2024 ஜூன் 28 அன்று நடப்புக்கு வந்தது. அதிலும் அனுமதி முதலில்.

முடிவில்லாமல் மனுக்கள் வந்துகொண்டே இருக்கக் கூடாது என்ற அரசாங்கத்தின் வாதம் புரிகிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் ஒரு முடிவு வேண்டும். ஆனால் அந்த மருத்துவ அறிக்கை 2011-இல் நடந்ததற்கு 2017-இல்தான் வந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

ஒரே காகிதம், வேறு வேறு கண்கள்

தொடக்கத்தில் பெரும்பான்மை போதும் என்று சொன்னேன் அல்லவா. 2004-இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கு இந்த ஊரையே உலுக்கியது. 2006-இல் மேல்முறையீட்டை மூன்று நீதிபதிகள் கேட்டார்கள். இரண்டு பேர் தண்டனையை உறுதி செய்தார்கள். மூன்றாமவர், மரணம் எப்படி நேர்ந்தது என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது, கொலைக் குற்றச்சாட்டு நிரூபணம் ஆகவில்லை என்று எழுதினார். மூவரும் படித்தது அதே மருத்துவச் சாட்சியம்தான். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையில் வாய் திறக்காமல் இருந்ததற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதும் அந்த வழக்கில் ஒரு பெரிய கேள்வி. அந்த ஆண்டே அவர் தூக்கிலிடப்பட்டார்.

சட்டம் கேட்பது ‘நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி’ என்ற அளவை. ஆண்டுக்கணக்காக வழக்குகளைக் கேட்டுப் பழகிய நீதிபதி ஒருவர், எல்லாவற்றையும் படித்துவிட்டு, எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதற்கான காரணம் இது என்று எழுதிவைக்கும்போது, அந்தச் சந்தேகம் நியாயமற்றது என்று மற்ற இருவர் சொல்வது போதுமா? சிறைத் தண்டனை என்றால் பெரும்பான்மையை நான் ஏற்றுக்கொள்வேன். தூக்குக்கு எல்லாரும் ஒத்துப்போக வேண்டும் என்பதே என் கருத்து.

2008 பிப்ரவரியில் கேலாங் பகுதியில் நடந்த கொள்ளையில் சீன நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் மரக்கிளையால் தாக்கப்பட்டு இறந்தார். தாக்கிய, மலேசியாவின் சரவாக்கைச் சேர்ந்தவருக்கு 2010-இல் மரண தண்டனை. 2013-இல் சட்டம் மாறி, கொல்லும் நோக்கம் இல்லாத கொலைகளுக்கு நீதிபதி தண்டனையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானதும், அது ஆயுள் தண்டனையும் பிரம்படியுமாகக் குறைந்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. மனித உயிரைத் துச்சமாக மதித்தாரா என்பதே அளவுகோல் என்று ஐந்து நீதிபதிகளும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு விடை சொல்ல, எத்தனை அடி, எவ்வளவு வேகம், விழுந்த பிறகும் அடித்தாரா என்று தெரிய வேண்டும். மண்டையோட்டு முறிவுகளைப் பற்றிய மருத்துவச் சாட்சியமும், உடனிருந்தவர்கள் சொன்னதும்தான் அவர்கள் முன்னால் இருந்தன. மூன்று பேர், ஆவேசமாகத் திரும்பத் திரும்ப அடித்தது தெரிகிறது என்றார்கள். இரண்டு பேர், அத்தனை அடிகள் என்று உறுதியாகச் சொல்ல இந்தச் சாட்சியம் போதாது என்றார்கள். 2015 ஜனவரி 14 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மரண தண்டனை திரும்ப வந்தது.

அதன்பின் மனுக்கள் தொடர்ந்தன. கடைசி மனு 2016 மே 20, வெள்ளிக்கிழமை காலை தள்ளுபடி ஆனது. அன்று பிற்பகல் 3.30 மணிக்குச் சாங்கி சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.